செல்வாம்பாள், வயது இருபத்தைந்து

2025 ஜூலை 7, திங்கள்

கடை திறந்ததும் போணியே ஒரு அப்பாவின் தீர்ப்பு. முப்பத்தொரு பக்கம், மூன்று செட்.

சேதராப்பட்டு ஃபேக்டரி ஒன்றில் வேலை பார்க்கிற ஆள். ஒன்பது வயதுப் பையன் கணக்குப் பரீட்சையில் பத்துக்கு மூன்று வாங்கினான் என்று பெல்ட்டைக் கழற்றியிருக்கிறார். பையன் இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். கோர்ட்டுக்கு எதிரில் பதினோரு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவளுக்குத் தீர்ப்பு இங்கிலீஷ் அரைகுறையாகப் புரியும். புரியாததை ஜூனியர் வக்கீல்கள் சொல்லிவிடுவார்கள். மகனைத் திருத்துவதுதான் தந்தையின் நோக்கம், கொல்வது அல்ல என்று எழுதியிருக்கிறது. ஆகவே கொலை இல்லை. ஐந்து வருஷம்.

நன்றாகத்தான் திருத்தியிருக்கிறார். பையன் இனிமேல் கணக்கில் தப்பே போட மாட்டான்.

ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் அந்த ஆளுடைய அண்ணன். "பாசக்காரன் மேடம். கொஞ்சம் கை நீண்டுடுச்சி" என்றார். நானும் தலையை ஆட்டினேன். எனக்குத் தலையாட்டல் நன்றாக வரும்.

நம் வீட்டிலும் ஒரு கேஸ் இருக்கிறதே. என் தம்பி வடிவேல், அவன் பெண்டாட்டி நிர்மலா. முப்பத்தெட்டு நாள் பெண் குழந்தையைத் தண்ணீர் டிரம்மில் போட்டுவிட்டாள். போன நவம்பர். எட்டு மாசமாகக் காலாப்பட்டு ஜெயிலில் இருக்கிறாள். அவளுக்குப் போட்டிருப்பது முழுக் கொலைப் பிரிவு. அம்மாவுக்குக் கை நீள்வதற்குச் சட்டத்தில் இடம் கிடையாது போல.

2025 ஜூலை 9

கரண்ட் இல்லை. மெஷின் ஓடவில்லை. பெற்றவர்கள் யாரும் இன்று யாரையும் திருத்தவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

2025 ஜூலை 18, வெள்ளி

பாரதி வந்தாள். இலவசச் சட்ட உதவியில் இருக்கிற வக்கீல், முப்பது வயது இருக்கும், ஸ்கூட்டர் பெட்டியில் சாப்பாட்டோடு கேஸ் கட்டையும் திணித்துக்கொண்டு வருகிற பெண். என்னை ஜெராக்ஸ் அக்கா என்றுதான் தெரியும் அவளுக்கு. ஒரு குற்றப்பத்திரிகையை நீட்டினாள். மேல் பக்கத்தில் "நிர்மலா, க/பெ வடிவேல்".

வசதி இல்லாதவர்களுக்கு அரசாங்கம் வக்கீல் கொடுக்கும். எங்களுக்கு வசதி இல்லாமல் இல்லை. மனசு இல்லை. அதற்கும் அரசாங்கமே கொடுத்துவிட்டது.

ஒவ்வொரு பக்கமாகக் கண்ணாடி மேல் வைத்து எடுத்தேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நான் இருந்தேன். "மேனகா (46) ஆகிய நான் மேற்கண்ட விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். நிர்மலா திருமணமாகி வந்த நாள் முதல் நல்ல மனநிலையில் இருந்து வந்தாள். அவளுக்கு எந்த நோயும் இருந்ததில்லை." இப்படி நான் பேசவே இல்லை. "இருந்து வந்தாள்" என்று இந்தப் புதுச்சேரியில் எவள் பேசுகிறாள்? ஸ்டேஷன் ரைட்டர், "நல்லாத்தானம்மா இருந்துது?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். என் தலையாட்டலுக்குப் போலீஸ் தமிழ் அது. வடிவேல், பக்கத்து வீட்டு அன்னக்கிளி, கீழ் வீட்டுக்காரர், எல்லாரும் அதே வாக்கியத்தில், புள்ளி கூட மாறாமல், தலையாட்டியிருக்கிறார்கள். என் பொய்யை நானே மூன்று காப்பி எடுத்துக் கொடுத்தேன். முன்னும் பின்னும்.

சுவரில் மாட்டியிருந்த கடை லைசென்ஸில் பாரதி என் பெயரைப் பார்த்துவிட்டாள். நீங்கதானா அது என்று கேட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிரசவத்துக்கு அப்புறம் சில பெண்களுக்குப் புத்தி தடுமாறுவது ஒரு வியாதி, வைத்தியம் பார்த்தால் சரியாகிவிடும் என்றாள். இங்கிலாந்தில் இப்படிப்பட்ட தாய்க்கென்றே தனிச் சட்டம் உண்டாம். வெள்ளைக்காரனிடமிருந்து நமக்கு வந்த சட்டப் புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லை. போன வருஷம் புத்தகத்துக்குப் புதுப் பெயர் வைத்தார்களே, அப்போதும் யாருக்கும் அந்தப் பக்கம் ஞாபகம் வரவில்லை. இங்கே செய்த நேரத்தில் புத்தி சுவாதீனம் இல்லை என்று குற்றவாளிதான் நிரூபிக்க வேண்டும். அதாவது பைத்தியம் பிடித்தவளே தனக்குப் பைத்தியம் பிடித்ததற்கு ரசீது வாங்கி வைத்திருக்க வேண்டும்.

"அக்கா, சம்பவத்துக்கு முந்தின தேதி போட்டு ஒரே ஒரு ஆஸ்பத்திரி சீட்டு இருந்தா போதும். அவங்கள நான் வெளிய எடுத்துடுவேன். இல்லன்னா ஆயுள்தான். எங்கியாவது கூட்டிட்டுப் போனீங்களா?"

ஞாபகம் இல்லம்மா என்றேன்.

2025 ஜூலை 20, ஞாயிறு

பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். ஞாபகம் இல்லையாம் எனக்கு!

பெரிய ஆஸ்பத்திரி, மனநலப் பிரிவு, ஓ.பி. சீட்டு. 2024 நவம்பர் 11. குழந்தை போனதற்கு எட்டு நாள் முன்னால். எல்லாம் சரியாக இருக்கிறது, பெயரைத் தவிர. "செல்வாம்பாள். வயது 25. பெண்."

செல்வாம்பாள் எங்கள் அம்மா. அறுபத்தேழு வயதில், 2022-இல் போய்ச் சேர்ந்தாள்.

எழுதிவிடுகிறேன். எழுதினால் யாரும் தூக்கில் போடமாட்டார்கள். பிள்ளை பெற்ற நிர்மலாவைத் தம்பி வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டது நான்தான். ஒன்பது ராத்திரி அவள் கண்ணை மூடவில்லை. குழந்தையைத் தொடமாட்டேன் என்றாள். இதோட கண்ணு வேற அண்ணி, ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்க, என் கொழந்த எங்கியோ அழுதுகிட்டிருக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பயந்துபோய் நான்தான் கூட்டிப்போனேன். மந்திரிக்கப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேனே என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. சீட்டுப் போடுகிற இடத்தில் பெயர் கேட்டார்கள். பக்கத்தில் மனநலப் பிரிவு என்று இவ்வளவு பெரிய போர்டு. பின்னால் வரிசையில் தெரிந்த முகம் ஏதாவது இருக்குமோ என்று முதுகு கூசியது. நிர்மலா பெயரைச் சொன்னால் நாளைக்கு எங்காவது முளைக்கும். வேறு யார் பெயரைச் சொன்னாலும் அவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும். செத்தவர்கள் பெயரில் எது ஒட்டப் போகிறது? அம்மா பெயரைச் சொன்னேன். ஆதார் வீட்டில் இருக்கிறது என்றேன்.

எதற்கு இத்தனை? என் மகள் சிந்துஜாவுக்கு அப்போது ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தோம். சொல்தா குடும்பம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பையன் பாரிசில் வேலை. மில்லில் வேலை பார்த்த குடும்பத்துக்கு அப்படி ஒரு இடம் லேசில் அமையுமா? மாமன் வீட்டில் பைத்தியம் என்று ஒரு வார்த்தை போதும், எழுந்து போய்விடுவார்கள்.

டாக்டரம்மா இன்றைக்கே சேர்த்துவிடுங்கள், தாயையும் பிள்ளையையும் தனியாக விடக்கூடாது என்றார். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறோம் என்று மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

எட்டாம் நாள் அது நடந்தது. ஒன்பதாம் நாள் பேப்பரில் போட்டோவோடு வந்தது. அன்று சாயங்காலமே சொல்தா வீட்டிலிருந்து போன், வேற இடம் பாத்துக்கங்க என்று. ஏண்டி மேனகா, யாரைக் காப்பாத்தினே நீ? ஒரு கொழந்த போச்சி, அவ போனா, அந்த வரனாவது தங்கிச்சா?

2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. வடிவேல் சாப்பிட வந்தான். வேட்டி புதுசு. பண்ருட்டிப் பக்கம் ஒரு பெண் பார்த்திருக்கிறானாம். நிர்மலாவுக்குத் தண்டனை ஆகிவிட்டால் விவாகரத்து சுலபமாம். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு மூன்று தடவை சாம்பார் சாதம் போட்டுக்கொண்டான்.

"சட்டப்படி நான்தான்க்கா பாதிக்கப்பட்டவன். பி.பி.யே சொன்னாரு."

பி.பி. என்றால் அரசு வக்கீல். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். செத்த குழந்தைக்கு அடுத்தபடி பாதிக்கப்பட்டவன் அப்பன். குழந்தை பிறந்து முப்பத்தெட்டு நாளும் நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு போன அப்பன். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அன்று இவனிடமும் சொன்னேன். வெளியில மூச்சு விடாதக்கா என்றான். அவ்வளவுதான் அவன் விசாரணை.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். என் தம்பி கிள்ளவில்லை, அந்த வேலையை நான் பார்த்துக்கொண்டேன். அவன் ஆட்ட மட்டும் வந்திருக்கிறான்.

கை கழுவும்போது, அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டாயா என்று கேட்டான். கிழித்துவிட்டேன் என்றேன்.

2025 ஆகஸ்ட் 16, சனி

கோர்ட் லீவு. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள். பிரெஞ்சுக்காரன் 1954-இலேயே கிளம்பிவிட்டான், சட்டம் அதை 1962-இல்தான் ஒத்துக்கொண்டது. கண்ணெதிரே நடந்ததை ஒத்துக்கொள்ளச் சட்டத்துக்கு எட்டு வருஷம் பிடித்தது. நிர்மலாவுக்கு ஒன்பது மாசம்தானே ஆகிறது, என்ன அவசரம்.

2025 செப்டம்பர் 10, புதன்

காலாப்பட்டுக்குப் போனேன். பத்து மாசத்தில் முதல் தடவை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. பிள்ளைச்சாவடி தாண்டும்போது கடல் தெரிந்தது, டூருக்குப் போகிறவள் மாதிரி பார்த்துக்கொண்டே போனேன்.

வலைக்கு அந்தப் பக்கம் நிர்மலா. தலை வாரிப் பின்னியிருந்தாள். கன்னம் கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. நான் வந்ததில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. சிந்துஜா எப்பிடி இருக்கா, வேலைக்குப் போறாளா என்று விசாரித்தாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போல இருந்தது. அழவில்லை. வார்டர் அம்மா பத்து நிமிஷம் என்று சொல்லியிருந்தார்.

ஜெயிலுக்கு வருகிற டாக்டர் மாத்திரை கொடுத்தாராம். மூன்று வாரத்தில் தெளிந்துவிட்டதாம். என்ன மாத்திரை என்று கேட்டேன். வெள்ளையா, சின்னதா, நடுவில கோடு போட்டிருக்குமே, நீங்க குடுத்தீங்களே, அதேதான் என்றாள்.

அதேதான். நான் மூன்று நாள் கொடுத்தேன். மூன்றாம் நாள் குழந்தை வீறிட்டு அழுதும் இவள் எழுந்திருக்கவில்லை. பாலில் இறங்கும், பழகிவிட்டால் விடாது என்று நானே டாக்டராகி நிறுத்திவிட்டேன். மீதியைக் கக்கூசில் கொட்டினேன்.

"இப்ப நல்லா தூக்கம் வருதுண்ணி. முழிச்சாதான் கஷ்டமா இருக்கு."

வரேம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். கொலை செய்தவளுக்கு மூன்று வாரத்தில் சர்க்கார் வைத்தியம் பார்த்துத் தெளியவைத்துவிட்டது. அதற்கு முன்னால் வைத்தியம் வேண்டுமென்றால் நாத்தனார் நல்லவளாக இருக்க வேண்டும்.

2025 செப்டம்பர் 12

பாரதி கடைக்கு வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மடியில் கனம் இருப்பவளுக்கு அதுவே பெரிய கேள்வியாக இருந்தது. பேப்பர் சிக்கிக்கொண்டது போல மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

2025 அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

புடவை எடுக்கப் போன சிந்துஜா கையில் சீட்டு. "ஆயா பேர்ல எதுக்கும்மா சீட்டு?" என்றாள். அப்புறம் வயதைப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள். பி.காம். படித்தவள், கூட்டிக் கழித்துப் பார்க்க அவளுக்குத் தெரியும்.

உனக்காகத்தான்டி என்றேன். உன் கல்யாணத்துக்காகத்தான் என்றேன். இனிமேலும் இதைச் சொன்னால் மாமன் உறவு போகும், பேப்பரில் என் பெயர் வரும், நாளைக்கு உனக்கு இன்னொரு வரன் வரும்போது கேட்பார்கள் என்றேன். வெடிச் சத்தத்தில் பாதி கேட்டிருக்காது.

"என்மேல பழி போடாதம்மா. ஆயா மேல போட்டது போதும்."

இட்லியை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இருபத்து மூன்று வயதுப் பெண் எனக்குச் சொல்லிக்கொடுக்கும்படி வைத்துவிட்டேனே என்று வெட்கம்.

2025 அக்டோபர் 22

பாரதியிடம் சீட்டைக் கொடுத்துவிட்டேன். செல்வாம்பாள் யார் என்று கேட்டாள். சொன்னேன். சீட்டை மடித்துக் கேஸ் கட்டுக்குள் வைத்தாள். "கூண்டுல சொல்வீங்களா?" என்றாள். சொல்வேன் என்றேன். பழக்க தோஷம், தலையையும் ஆட்டினேன்.

2025 அக்டோபர் 29, புதன்

இன்று சாட்சி சொன்னேன். எழுத்து கோணலாகப் போகிறது.

பி.பி. நல்ல மூடில் இருந்தார். நான் அவர் கட்சி சாட்சி அல்லவா. ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போகிற வேகத்தில், நிர்மலா சம்பவத்துக்கு முன் நல்ல மனநிலையில்தானே இருந்தார் என்று கேட்டார்.

"இல்லைங்க."

அவர் கையிலிருந்த காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் வேறு பதில் அச்சாகியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. போலீசில் அப்படித்தானே சொன்னீர்கள் என்றார். தலையாட்டினேன், அவர்கள் எழுதிக்கொண்டார்கள் என்றேன். உடனே ஜட்ஜைப் பார்த்து, இந்தச் சாட்சியைப் பிறழ்சாட்சியாக அறிவிக்க வேண்டும் என்றார். அறிவித்துவிட்டார்கள். பொய் சொன்ன வரைக்கும் நான் அரசுத் தரப்பு. உண்மை சொன்ன நிமிஷம் பிறழ்ந்துவிட்டேன். அப்புறம் அவரே என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். குற்றவாளி வீட்டார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டார். அவளுக்கு வீட்டார் நாங்கள்தானே ஐயா என்றேன். யாரோ சிரித்தார்கள்.

பாரதி எழுந்தாள். சீட்டைக் காட்டினாள். யார் கூட்டிப்போனது, யார் பெயர் சொன்னது, ஏன் அந்தப் பெயர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். செல்வாம்பாள் என் அம்மா என்றபோது ஜட்ஜ் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அம்மாவின் இறப்புச் சான்றிதழையும் கொடுத்தோம். உயிரோடிருக்கிறவளைக் காப்பாற்ற, செத்தவள் செத்துவிட்டாள் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

அதோடு முடிந்தது, இறங்கலாம் என்றார்கள். நான் இறங்கவில்லை.

"ஐயா, மாத்திரைய நிறுத்தினது நான்தான். அவ நிறுத்தல. நான்தான் கொட்டினேன்."

டைப் அடிக்கிற பெண் கையை எடுத்துவிட்டு ஜட்ஜைப் பார்த்தாள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா. இந்த வழக்குக்கு அது தேவையில்ல" என்றார் ஜட்ஜ். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ராத்திரியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் அது. கோர்ட்டுக்கு வேண்டாமாம்.

நிர்மலா கூண்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

வெளியில் வடிவேல் நின்றிருந்தான். இனிமே எனக்கு அக்கா இல்ல என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் பைக்கை உதைத்தான். அது மூன்றாவது உதையில்தான் கிளம்பியது.

2025 அக்டோபர் 30

மாலைப் பேப்பர்: "கொலைகாரத் தாயைக் காப்பாற்ற நாத்தனார் பல்டி." பேப்பர் வாங்கியவர்கள் பாதிப் பேர் அந்தப் பக்கத்தை என் கடையிலேயே ஜெராக்ஸ் எடுத்துப் போனார்கள்.

2025 டிசம்பர் 11, வியாழன்

டாக்டரம்மா சாட்சி சொன்னார். கூட்டத்தோடு பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன்.

பி.பி.க்கு, இதற்காகவே மழித்துக்கொண்டு வந்தவர் போல முகம் பளபளவென்று இருந்தது. "செத்து ரெண்டு வருஷம் ஆனவங்களுக்குத் தூக்கம் வரலன்னு மாத்திரை எழுதிக் குடுத்தீங்களா டாக்டர்?" என்றார். கோர்ட்டே சிரித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நானும் சிரித்துவிட்டேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பிரசவமாகி முப்பது நாள் என்று நான் எழுதியிருக்கிறேன், அறுபத்தேழு வயதில் இறந்தவருக்கு யாரும் அப்படி எழுதமாட்டார்கள் என்றார். கூண்டிலிருக்கிற பெண்தான் அன்று வந்தது, எனக்கு முகம் ஞாபகம் இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரி ஃபைலிலிருந்து ஒரு வரி படித்தார். உடனே சேர்க்கச் சொல்லப்பட்டது, உடன் வந்தவர் மறுத்துவிட்டார்.

உடன் வந்தவர். பெயர் கிடையாது. அந்த உடன் வந்தவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும், இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்க்கக்கூடச் செய்தார்கள். ஆனால் கேட்பதற்கு ஒரு செக்‌ஷன் வேண்டுமே.

பி.பி. விடவில்லை. இப்போது பாருங்கள், குற்றவாளி எவ்வளவு தெளிவாக நிற்கிறார் என்று நிர்மலாவைக் காட்டினார். ஜெயிலில் ஒரு வருஷமாக மாத்திரை கொடுத்துத் தெளியவைத்து, அந்தத் தெளிவையே குற்றத்துக்குச் சாட்சியாக நிறுத்துகிறார். மூளை என்றால் அது.

2026 ஜனவரி 19, திங்கள்

பெல்ட் அப்பாவின் அண்ணன் வந்தார். ஹைகோர்ட்டில் அப்பீல், தண்டனை நிறுத்திவைப்பு. தம்பி பொங்கலுக்கு வீட்டுக்கே வந்துவிட்டாராம். கரும்பெல்லாம் வாங்கிக் கட்டினாராம். இளைய பையன் இருக்கிறான், மூன்றாவது படிக்கிறான் என்றார். கணக்கு எப்படி என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை.

2026 பிப்ரவரி 12, வியாழன்

தீர்ப்பு.

குழந்தையைக் கொன்றது நிர்மலாதான் என்று ஜட்ஜ் படித்தார். அப்புறம் மூச்சு விட்டுக்கொண்டு, ஆனால் அந்த நேரத்தில் தான் செய்வது என்னவென்று அறியும் நிலையில் அவர் இல்லை, ஆகவே அது குற்றமல்ல என்று படித்தார். பாரதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை என் கையைவிடச் சில்லென்று இருந்தது.

நிர்மலா அழுதாள். விடுதலைக்காக அழுத மாதிரி தெரியவில்லை. முதல் வாக்கியத்துக்கே அழ ஆரம்பித்திருந்தாள்.

இதோடு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தால் சட்டம் இன்னும் முடியவில்லை. இப்படி விடுதலையானவர்களைச் சும்மா அனுப்பமாட்டார்களாம். உறவினர் அல்லது நண்பர் ஒருவர் வந்து, பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மனநலக் காப்பகம். யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார் ஜட்ஜ். வடிவேல் வரவில்லை, வக்கீலை மட்டும் அனுப்பியிருந்தான், அவர் ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார். நிர்மலாவின் அம்மா அவள் சின்ன வயதிலேயே போய்விட்டாள். திண்டிவனத்துப் பக்கம் இருக்கிற அப்பா, எனக்குப் பெண்ணே இல்லை என்று ஏற்கெனவே கடிதம் எழுதிவிட்டார். ஜட்ஜ் ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தார்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன்.

படிவத்தில் எழுதியிருப்பது இது: இவரை முறையாகக் கவனித்துக்கொள்வேன், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வேன், மருந்து தவறாமல் கொடுப்பேன், கேட்கும்போது ஆஜர்படுத்துவேன். மேனகா என்று கையெழுத்துப் போட்டேன். அத்தனை பெரிய கோர்ட்டில் அந்த வேலைக்குத் தகுதியில்லாத ஒரே ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது சட்டம். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

2026 பிப்ரவரி 20

மாத்திரை வேளைக்கு ஒன்று. நான் கொடுத்தால் வாங்கமாட்டேன் என்கிறாள். சண்டையெல்லாம் இல்லை, கையை மடியிலேயே வைத்துக்கொள்கிறாள். சிந்துஜா கொடுத்தால் விழுங்கிவிடுகிறாள்.

2026 மார்ச் 3

கடைக்குக் கூட்டிப்போனேன். பின்னால் உட்கார்ந்து ஸ்பைரல் பைண்டிங் போட்டாள். சுத்தமான வேலை. ஒரு வக்கீல் குமாஸ்தா வெளியே நின்று எட்டி எட்டிப் பார்த்தார். என்ன வேணும் என்றேன். ஒண்ணுமில்ல மேடம், அவங்கதானா என்றார். அவங்கதான், இன்னும் நாலு பக்கம் இருக்கு, எடுக்கட்டுமா வேணாமா என்றேன். எடுக்கச் சொன்னார்.

2026 மார்ச் 15, ஞாயிறு

மத்தியானம் சிந்துஜா தூங்கிக்கொண்டிருந்தாள். நானும் நிர்மலாவும் கூடத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். நான்தான் சும்மா இருக்கமாட்டாமல் பேசிக்கொண்டிருந்தேன். பி.பி. முகத்தை நடித்துக் காட்டினேன். பிறழ்சாட்சிக் கதையைச் சொன்னேன். லேசாகச் சிரித்தாள், இந்த வீட்டுக்கு வந்து இதுதான் முதல் சிரிப்பு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்றுகூட நினைத்தேன்.

கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"உங்கள யாரும் ஒண்ணும் கேக்கலியாண்ணி?"

"ஏன் கேக்கல? கூண்டுல ஏத்தி வெச்சி ஒரு மணி நேரம் கேட்டாங்களே, நீதான் பாத்தியே."

"அது என் கேசு. உங்க கேசுல கேக்கலியான்னு கேட்டேன்."

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். அப்படி ஒரு கேஸ் எந்தக் கோர்ட்டிலும் இல்லை. அவள் உருவின கீரையை முறத்தில் போட்டாள். நானும் மீதிக் காம்பை எடுத்து உருவினேன்.